பாம்புக் காது

என் புருஷன் வேதசிரோமணி பியானோ ட்யூன் பண்ணுகிறவர். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை எந்த சர்ச்சில், எந்தப் பள்ளிக்கூடத்தில் பியானோ அபஸ்வரம் பேசினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் எண்பத்தெட்டாம் வருஷம் சிட்லபாக்கத்தில் ஒரே வீட்டுக்கு, ஒரே பியானோவுக்கு, வாரக்கணக்கில் போய்வந்து கொண்டிருந்தார். வீட்டுக்காரி ரத்தினபாய். ரிட்டையரான மியூசிக் டீச்சர், கல்யாணம் ஆகாதவள், தனியாக இருப்பவள். இதற்குமேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

"ஒரு பியானோவுக்கு இத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"இது ட்யூனிங் இல்ல தபீ, ரெகுலேஷன். கிராண்ட் பியானோ. கட்டைங்க, சுத்தியலுங்க எல்லாத்தையும் டிராயர் மாரி வெளிய இஸ்து வெச்சி ஒண்ணொண்ணா திருகணும். சுத்தியல் மேல போயி, கம்பியத் தொட மயிரிழை கீறப்பவே தானா வுட்டுடணும். சீக்கிரம் வுட்டா சத்தம் வராது. லேட்டா வுட்டா கம்பியில ஒட்டிக்கினு நிக்கும். ட்யூனிங் காது வேலை. இது கண்ணு வேலை, வெரல் வேலை."

தபீ என்று என் பேரைச் சுருக்கித்தான் கூப்பிடுவார். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலமெல்லாம் காதால் பிழைத்தவருக்குத் திடீரென்று கண் வேலையில் என்ன ஆசை? தாம்பரத்திலிருந்து ட்யூனிங்குக்கு ஆள் வந்து நின்றபோது, "வேற யாரயாவது பாத்துக்கச் சொல்லு" என்று என்னைவிட்டே சொல்ல வைத்தார். எனக்கு அன்றைக்குத்தான் முதலில் பொறி தட்டியது.

எனக்குப் பாம்புக் காது. பக்கத்து வீட்டு செல்லம்மா தன் மருமகளைப் பற்றி முணுமுணுப்பதை அடுப்படியில் இருந்தே கேட்டுவிடுவேன். கண்ணும் சளைத்ததில்லை. முன்னெல்லாம் நான் ஒன்று சொன்னால் இவர் நாலு சொல்லுவார். இப்போது முதுகுப் பக்கம் நின்று கத்தினாலும் பதில் கிடையாது. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். எதிரில் போய் நின்றாலோ என் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தப்பு செய்கிற ஆம்பளைதான் பெண்டாட்டியை அப்படி உருகி உருகிப் பார்ப்பான், எனக்குத் தெரியாதா?

அப்புறம் பவுடர். சட்டைக் கையெல்லாம் வெள்ளையாக இருந்தது. பையைத் துழாவினேன். ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவில் ஒரு பவுடர் டப்பா. கல்யாணத்தன்று கூடப் பவுடர் போடாத மூஞ்சி அது.

"இன்னாங்க இது?"

"சுத்தியலுக்கு அடியில தோல் உருளை கீது. அது கிறீச்சுனு கத்தாம இருக்கத் தடவறது."

பியானோவுக்குப் பவுடர் பூசுகிறாராம்! யார் காதில் பூ சுற்றுகிறார்?

எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எனக்கென்று இருப்பது இந்த ஒரு மனுஷன்தான். இவரும் கைவிட்டுப் போனால் நான் எங்கே போவேன்? எனக்குப் பயப்படத் தெரியாது. பயமும் கோபமாகத்தான் வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் போவதாகச் சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டைக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்து சிட்லபாக்கத்துக்கு வெயிலில் நடந்து, ஏரிக்கரையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஒரே சுரம் டொங், டொங் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு பெண் குரல்.

"இல்ல, இன்னும் இருக்கு. இன்னும் கொஞ்சம் தடவுங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எட்டிப் பார்த்தேன். ரத்தினபாய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள். முகத்துக்கு முகம் குனிந்து, அதையே மறுபடி சொன்னாள். அவர் அவள் வாயையே பார்த்தார். வீட்டில் என்னைப் பார்க்கிற அதே பார்வை! தலையாட்டிவிட்டு, கட்டை வரிசையைப் பியானோவிலிருந்து மேசைமேல் இழுத்து வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளினேன்.

"யோவ், வேதசிரோமணி!"

அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ரத்தினபாய் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். என் புருஷன் மட்டும் திரும்பவில்லை. டப்பாவிலிருந்து பவுடரைத் தொட்டு, சுத்தியலின் அடியில் இருந்த சின்னத் தோல் உருளையில் நிதானமாகத் தடவிக்கொண்டிருந்தார்.

இன்னும் கிட்டே போய்க் கத்தினேன். அசையவில்லை.

"அவருக்குக் கேக்காதும்மா," என்றாள் ரத்தினபாய். "உங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் கேள்வியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அவள்தான் எல்லாம் சொன்னாள். போன வருஷக் கடைசியில் இவர் வந்து ட்யூன் பண்ணியிருக்கிறார். மேல் ஸ்தாயிக் கட்டைகள் அத்தனையும் தாறுமாறு. அவள் வாசித்துக் காட்டியும் இவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். "நான்தான் சொன்னேன், ரெகுலேஷன் பண்ணுங்க, கிறீச் சத்தம் இருந்தா நான் கேட்டுச் சொல்றேன்னு. வீட்டுல சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

அப்போதுதான் அவர் திரும்பினார். என்னைக் கண்டதும் டப்பா கை தவறி விழுந்து தரையெல்லாம் வெள்ளையானது.

"தபீ... காது போன ட்யூனர எவன் கூப்டுவான்? ஊருக்குத் தெரிஞ்சா பொயப்பு போச்சே."

"ஊருக்குத் தெரிய வாணாம். நான் ஊரா?" என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டதால் உதடு கோணிக்கொண்டு, அவருக்குப் புரியவில்லை. "இன்னா சொல்ற?" என்றார் பாவமாக.

நான் சந்தேகப்பட்டது தப்பு என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். எனக்குத் தெரியாத ஒன்று அவருக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் இருந்ததா, இல்லையா?

கூடையைக் கீழே வைத்துவிட்டு, ரத்தினபாயின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கட்டை வரிசையை உள்ளே தள்ளி அழுத்தும்படி கையால் காட்டினேன். அழுத்தினார். டொங். சுரத்துக்கு அடியில், மூஞ்சூறு கத்துகிற மாதிரி ஒரு பொடிச் சத்தம்.

"இப்ப சரியாயிடுச்சு," என்றாள் ரத்தினபாய்.

"இன்னும் கீது," என்றேன் நான், அவர் முகத்துக்கு நேராக.

மறுபடி வெளியே இழுத்தார், மறுபடி தடவினார், மறுபடி உள்ளே தள்ளி அழுத்தினார். அழுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சத்தம் போயிருந்தது. தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். ஏரிக்கரை முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன். என்னிடம் மறைத்ததற்கு, அவளிடம் அழுததற்கு, என்னைப் பைத்தியக்காரி மாதிரி அலையவிட்டதற்கு. ரயில்வே கேட் வந்தபோதுதான் கவனித்தேன். அவர் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். இவ்வளவும் காற்றோடு போயிருந்தது.

முன்னால் ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.