நெல்லுக்கு விலத்திய டிப்பர்

ஆறு மணிக்கு ஜெயரூபி ஸ்கூட்டியை விட்டு இறங்கியபோது, மூன்று மாதமாய் அலைந்து அவள் போடுவித்த சைக்கிள் பாதையைக் காணவில்லை. பாதை இருந்த இடத்தில் நெல் கிடந்தது.

கண்டாவளைப் பக்கமிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் தார்த்தெருவின் ஓரத்தில், வெள்ளைக்கோடு போட்டு ஒதுக்கிய ஆறடிப் பாதை அது. ஆறேமுக்காலுக்கு மாகாண அலுவலகத்திலிருந்து சிவலட்சுமி வந்துவிடுவா. ஒரு மணித்தியாலம் நின்று எண்ணுவா. கோட்டுக்குள்ளே இருநூறு சைக்கிளாவது ஓடினால் பாதை நிரந்தரமாகும். கிளிநொச்சி நகரம் வரைக்கும் நீளும். இல்லாவிட்டால் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

"மாசி மாதத்தில தெருவோரத்தைக் கூட்டித் துடைச்சு, கோடும் போட்டு வச்சால் ஆர்தான் நெல்லுப் போடமாட்டினம், மிஸ்?" என்றார் பிரதேச சபையில் அவளோடு வேலை பார்க்கும் நளீர் நானா. "கார்ட் அடிச்சுக் கூப்பிட்ட மாதிரியெல்லே இருக்கு."

"நானா, தெரிஞ்சால் முதலே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டது பஸ் எத்தனை, டிப்பர் எத்தனை எண்டு. அறுவடை எப்ப எண்டு கேக்கேல்லையே."

அவளுடைய அப்பாவும் வயல்காரர்தான். அதை நினைக்க அவளுக்கே வெட்கமாயிருந்தது.

நெல்லுக்குச் சொந்தக்காரர் தங்கராசா, நெல்லுக்குக் கீழே விரித்த தார்ப்பாய்ப் படங்கின் மேல் நின்று காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதைக் கொஞ்சம் அள்ளுங்கோவன். பிள்ளையள் வரப்போகுதுகள்."

"முந்தநாள் மழையில நனைஞ்ச நெல்லு, பிள்ளை. இண்டைக்குக் காயாட்டி முளைச்சிடும். அள்ளிக்கொண்டு வந்து உங்கட சபைக்குள்ள பரவட்டோ?"

"தலைவரின்ர கதிரைக்குக் கீழ இடம் கிடக்கு," என்றார் நளீர்.

அந்த நேரம் மணல் டிப்பர் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. நெல்லின் எல்லைக்குத் தங்கராசா குத்தியிருந்த பூவரசங்கொப்பைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, நன்றாக வலப்பக்கம் விலத்திப் போனது. படங்கு முடிந்ததோ இல்லையோ, பழையபடி ஓரத்துக்கு வந்து வெள்ளைக்கோட்டை மிதித்துக்கொண்டு பறந்தது.

ஜெயரூபி டிப்பர் போன பக்கம் கையை நீட்டினாள்.

"நானா, பாத்தனீங்களோ? கோட்டை மிதிச்சவன். நெல்லை மிதிக்கேல்லை."

தங்கராசா சிரித்தார். "ஆளை இடிச்சால் பொலிசோட போயிடும். நெல்லில ஏறினால் ஊர் முழுக்க றோட்டுக்கு வந்திடுமெல்லே."

"ஐயா, அள்ளவேண்டாம். இழுங்கோ. கோட்டுக்கு அங்கால, மூண்டடி அகலத்தில, நீட்டுக்கு."

"நடுத்தெருவுக்கோ?"

"கோட்டோட ஒட்டி. நெல்லு வெளியில, பிள்ளையள் உள்ளுக்கு."

தங்கராசா தெருவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பள்ளிக்கூடம் மட்டும் மறிக்க என்ர நெல்லுக் காணாது. ஆனால் ஊரில ஈரநெல்லு இல்லாத வீடு ஏது?" என்று போனை எடுத்தார்.

"எங்கட ரெண்டு பேற்ற வேலையும் போனால், நாங்களும் இதிலயே நெல்லுக் கிளறலாம்," என்று சொல்லிக்கொண்டே நளீர் சாரத்தை மடித்துக் கட்டிப் படங்கின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஜெயரூபி பிடித்தாள். கால் மணித்தியாலத்தில் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரங்கள் நெல்லு மூட்டைகளோடு வரிசையாய் வந்தன. சாக்குகள் அவிழ்ந்தன. கோட்டோரமாய்ப் பொன்னிறத்தில் ஒரு வரம்பு, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஓடியது.

சொன்ன நேரத்துக்குச் சிவலட்சுமி வந்து எண்ணத் தொடங்கினா. பிள்ளைகள் வந்தார்கள். முதல் வந்தவர்கள் பயந்து ஓரமாய் ஒற்றை வரிசையில் வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் இருவர் இருவராய், கதைத்துக் கதைத்து, டிப்பர் இரைச்சலுக்குத் திரும்பியும் பார்க்காமல் மிதித்தார்கள். ஓர் அம்மா தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குள் நடந்தே வந்தா.

ஏழேமுக்காலுக்குச் சிவலட்சுமி பேனையை மூடினா. "முந்நூற்றுப் பதினாறு. ஆனால் ஜெயரூபி, இந்த நெல்லு உங்கட திட்ட அறிக்கையில எத்தனையாம் பக்கத்தில கிடக்கு?"

"எந்தப் பக்கத்திலயும் இல்லை, மடம். இண்டைக்குக் காலமைதான் தெரிஞ்சது."

"பத்து நாளில அள்ளிப்போடுவினம். பிறகு?"

"இதே இடத்தில, இதே மூண்டடி அகலத்தில சீமெந்துக் கட்டு. மேற்பக்கம் தட்டையாய். அறுவடைக்கு அவை அதில நெல்லுப் போடட்டும்."

சிவலட்சுமி பேனையைத் திரும்பத் திறந்தா. "நிரந்தரப் பாதை, கட்டோட. உயரம் எவ்வளவு எண்டு எழுத?"

ஜெயரூபி வாயைத் திறக்கமுன்னம் படங்கிலிருந்து தங்கராசாவின் குரல் வந்தது.

"அரை அடி காணும், பிள்ளை. அதுக்கு மேல போனால் ஏறி நெல்லுக் கிளற ஏலாது."

"அரை அடி," என்று சிவலட்சுமி எழுதினா.