பதினோராம் எண் விடைத்தாள்

சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தேன். இரும்புக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டே மூடியது. பூட்டு கொக்கியில் தொங்கியது. சாவி யாரிடம் என்று தெரியாது. அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் ரகம். அமுக்கினேன்.

"முசாவோ! என்ன பண்றீங்க?"

காவலாளி ருவாஹேரு தேநீர்க் குவளையோடு ஓடி வந்தார். மருத்துவ வேலை பார்க்கிற எவரும் அவருக்கு முசாவோதான்.

"வெளிய மூணு வேன் நிக்குது. டிரைவருங்க என்னை உயிரோட தின்னுடுவாங்க."

"திங்கட்டும். டாக்டர் சொல்ற வரைக்கும் ஒருத்தரையும் விடாதீங்க. யார் கையையும் தொடாதீங்க."

"ஊருக்குப் போறவங்க கையப் புடிக்காம எப்படி அனுப்புறது? மரியாதையா இருக்குமா?"

"மரியாதை கிடக்கட்டும், பெரியவரே. தொடாதீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குவளையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. முற்றத்தில் இருபத்தாறு பேர் பெட்டியோடு நின்றார்கள். செவிலியர்கள், மருத்துவ அலுவலர்கள், என்னைப் போல ஆய்வக ஆட்கள். எல்லோரும் வேலையில் இருந்துகொண்டே பொது சுகாதார முதுகலை படிப்பவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த மலையடிவாரப் பள்ளிக்கு வந்து, இரண்டு வாரப் பாடத்தை முடித்துக்கொண்டு ஓட வேண்டும். இருபத்தாறு பேர், இருபத்து மூன்று மருத்துவமனைகள். திங்கள் காலையில் ஒவ்வொருவர் மேசைக்கு முன்னாலும் நூறு நோயாளிகள் நிற்பார்கள்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கதவுக்கு ஓடி வந்திருந்தேன்.

இருபது நிமிடத்துக்கு முன்பு நான் சிவப்புப் பேனாவோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மாணவரும் தன் இடத்திலிருந்து ஒரு நோயாளிப் பட்டியல் கொண்டு வர வேண்டும் என்பது பயிற்சி. நோயாளியின் பெயர், ஊர், மருத்துவமனை எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். எழுதியவர் பெயரும் இருக்காது, எண் மட்டும். அந்தத் தாளை இன்னொரு மாணவர் திருத்துவார். எனக்கு வந்தது பதினொன்று.

எட்டு வரிசைகள். காய்ச்சல், வாந்தி, ஈறிலிருந்து ரத்தம். முதல் ஆள் வௌவால்கள் அடையும் சுரங்கத்தில் வேலை செய்தவன். அடுத்து அவன் மனைவி. அடுத்து, மனைவியின் உடலைக் குளிப்பாட்டிய தங்கை. எல்லாம் இரண்டே மாதத்தில். முதல் ஏழு பேரில் ஆறு பேர் இறந்தாயிற்று. பாடப்புத்தகத்தில் மார்பர்க் என்ற, தொட்டாலே தொற்றும் கொலைக் காய்ச்சலுக்கு எழுதியிருப்பதுபோல அத்தனை கச்சிதம். எனக்கு எரிச்சல் வந்தது. 'கற்பனை. உண்மையான பட்டியல் கொண்டு வரவும். பத்துக்கு மூன்று' என்று சிவப்பில் எழுதினேன்.

தாளை மடிக்கும்போதுதான் ஏழாம் வரிசை கண்ணில் பட்டது. செவிலி, வயது இருபத்தொன்பது, இறப்பு. ஓரத்தில், பென்சிலில், ஒரு ரத்த மாதிரி எண்: 311.

அந்த எண் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை எங்களுக்குப் பாடம் நடத்தும் டாக்டர் கோபுசிங்கேயிடம் ஓடியபோதும் நான் சொல்லவில்லை. பட்டியல் கற்பனை இல்லை, உண்மை. அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் வரிசை இப்படி இருந்தது: ஆண், முப்பத்தாறு, சுகாதாரப் பணியாளர். ஏழாம் நோயாளியைக் கையுறை இல்லாமல் கவனித்தவர். காய்ச்சல், இதுவரை இல்லை.

தன் நோயாளிகளை எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் தன்னையும் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வகுப்பில் ஆண்கள் ஒன்பது பேர்.

"அடியேரி!" என்று கத்தினாள் ஹோய்மாவிலிருந்து வந்த செவிலி கட்டுசாபே. அடியேரி என் செல்லப்பெயர். எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே இயற்பெயர் சொல்வதில்லை. "உனக்கு வீட்டுக்குப் போற ஆசை இல்லன்னா எங்களையும் கட்டிப் போடுவியா? என் புருஷன் ரெண்டு வாரமா புள்ளைங்களுக்கு மட்டோக்கே வாழைக்காய அவிச்சுக் கொட்டுறான். இன்னும் ஒரு நாள் ஆச்சுன்னா வேற பொண்டாட்டி தேடிக்குவான்."

"தேடட்டும் விடு," என்று தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்திருந்த அராளி சொன்னான். "அவன் சமையலைத் தின்னு பாத்துட்டு எவ வருவா?"

முற்றமே சிரித்தது. அராளி என்கிற பகோன்சா எங்கள் வகுப்பின் கோமாளி. மலை மேல் ஒரு சிறிய சுகாதார மையத்தில் மருத்துவ அலுவலர். அன்று மதியம் அவன் கையிலிருந்த முட்டைச் சப்பாத்தியில் பாதியைப் பிய்த்துத் தின்றவள் நான்தான்.

டாக்டர் கோபுசிங்கே முகக்கவசத்தோடு படியிறங்கி வந்தார். ஒரு கையில் வெப்பமானித் துப்பாக்கி. மறு கையில் பதினோராம் தாளும் ஒட்டிய உறை ஒன்றும்.

"ரெண்டு கை தூரம் விட்டு நில்லுங்க. பெட்டியக் கீழ வைங்க. பதினொண்ணாம் நம்பர் யாரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எந்த நம்பர் யாருன்னு இந்தக் கவர்ல இருக்கு. கிழிச்சா தெரிஞ்சிடும். நீங்களே சொன்னா எனக்கு மரியாதை, உங்களுக்கும் மரியாதை."

வெளியே ஒரு வேன் நீளமாக ஹாரன் அடித்தது. டாக்டர் வரிசையின் முதல் ஆளிடம் போனார். பீப். முப்பத்தாறரை. அடுத்தவர். பீப். முப்பத்தாறு எட்டு. கட்டுசாபே இப்போது சிரிக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன, ஜெபம்.

ஆண்களில் ஆறு பேரை அளந்தாயிற்று. டாக்டர் உறையின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"கிழிக்காதீங்க, டாக்டர். நல்ல கவரு. இன்னொரு தடவை ஆகும்," என்றான் அராளி.

சொல்லிக்கொண்டே பின்னால் போனான். ஒரு அடி, இரண்டு அடி, சுவர் முதுகில் இடிக்கும் வரை.

"யாரும் கிட்ட வராதீங்க."

டாக்டர் கையை முழுதாக நீட்டி அளந்தார். பீப். முப்பத்தெட்டு நான்கு.

"எப்பலருந்து?"

"ஒரு மணி நேரமா குளிருது. மதியம் நல்லாத்தான் இருந்தேன். சத்தியமா நல்லாத்தான் இருந்தேன், அடியேரி." என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான். சப்பாத்தி அவனுக்கும் நினைவிருந்தது.

"மார்பர்க்காவும் இருக்கலாம்னு தெரியாதா உனக்கு?" டாக்டரின் குரல் உடைந்தது. "ஏம்பா சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? அந்தப் பொண்ணு என் கையிலதான் செத்துச்சு. என் நர்ஸு. கையுறை தீந்து போச்சு. அதுக்கு முந்தின நாளே அவ ரத்தத்த எடுத்து மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பிட்டேன். நம்பர் வந்துச்சு, ரிசல்ட் வரல. பதினாலு நாளா போனக் கையிலயே வெச்சிருக்கேன். அந்த நோயா இருந்தா மூணாவது நாளே கம்பாலாலருந்து வண்டி வந்து நிக்குமே! வரல. அப்ப வெறும் மலேரியாதான் போலன்னு மனசத் தேத்திக்கிட்டு வகுப்புக்கு வந்தேன்."

"மேலதிகாரிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"ரிசல்ட் இல்லாம கத்தினா பீதியக் கெளப்புறான்னு சீட்டக் கிழிச்சிடுவாங்க. போன வருஷம் எனக்கு முன்னாடி இருந்தவருக்கு அதான் நடந்துச்சு. வாயால சொல்ல பயம், டாக்டர். அதான் தாள்ல எழுதிக் கொடுத்தேன். திருத்துறவங்க பாத்துட்டு யாருடா இதுன்னு கேப்பாங்கன்னு."

அவன் பார்வை டாக்டர் கையிலிருந்த தாளில் போய் நின்றது. சிவப்பு எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது.

"பத்துக்கு மூணா?" என்றான். சிரித்தும் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அப்படியே சுவரோடு சறுக்கி உட்கார்ந்தான்.

டாக்டர் அவனுக்கு ஒரு முகக்கவசத்தை வீசிவிட்டுக் கைபேசியை எடுத்தார். கம்பாலா தேசிய ஆய்வகம். ஒலிபெருக்கியில் போட்டார்.

"311 முடிவு என்னாச்சு? இப்ப வேணும். இந்த நிமிஷம்."

விசைப்பலகை தட்டும் சத்தம். எல்லோர் கண்ணும் கைபேசி மேல்.

"311 இங்க வரவே இல்லையே, டாக்டர். 310 வந்திருக்கு. 312 வந்திருக்கு. நடுவுல அது மட்டும் இல்ல."

டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அடியேரி, அது உங்க மாவட்ட ஆய்வகத்து வரிசைதானே? 311 எங்க போச்சு?"

அராளியும் தலையைத் தூக்கினான். அவன் கண்களில் கோபமில்லை. நம்பிக்கை இருந்தது. நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவேன் என்ற நம்பிக்கை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வகுப்புக்குக் கிளம்ப வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை மாலை, நான்கைந்து மையங்களின் மாதிரிகளோடு அந்த ரத்தக் குழாய் என் ஆய்வகத்துக்கு வந்தது. படிவத்தில் முத்திரை இல்லை. முத்திரை இல்லையென்றால் எந்த மையம் அனுப்பியது என்றே தெரியாது. கம்பாலா திருப்பி அனுப்பும். முந்தைய மாதம் அதற்காக மூன்று முறை திட்டு வாங்கியிருந்தேன். எண் எழுதிய சீட்டை, மோட்டார் பைக்கில் மாதிரிகளைக் கொண்டு வந்தவனிடம் கொடுத்து, முத்திரையோடு வரச் சொன்னேன். திங்கட்கிழமை யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். பிறகு துணி மடிக்கப் போய்விட்டேன். மாற்று ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த இரண்டு வாரமும் அந்த எண் அவ்வப்போது தலைக்குள் வந்து போனது. ஒரு தடவைகூட நான் போன் எடுக்கவில்லை.

கதவுச் சங்கிலியின் துரு இன்னும் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"எங்கயும் போகல, டாக்டர்," என்றேன். "என் ஃப்ரிட்ஜ்ல, டெஸ்ட் கிட் டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. நான்தான் வெச்சேன்."