வெர்னாவின் சமையலறைக் குழாய்

லேலண்டின் இடுப்பு அன்று காலையிலிருந்தே அவன் பேச்சைக் கேட்கவில்லை. முந்தின நாள் ஒரு பால்பண்ணையில் உறைந்து வெடித்த குழாயை மல்லாந்து கிடந்து மாற்றியதற்குக் கிடைத்த கூலி அது. குனிய முடியாமல் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வெர்னா போனில் கூப்பிட்டாள்.

"டேய், உன் வண்டிய எடுத்துட்டு வா. செடிய எல்லாம் குப்பைக்கு அனுப்பணும்."

எந்தச் செடி, ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

வெர்னா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். ஓட்ஸ் ஆலையில் மூட்டை தைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றே கால் நரம்பு சுருண்டவள். புருஷன் போன பிறகு சீடர் ராபிட்ஸ் நகரத்துக்கு வெளியே அந்தப் பழைய வீட்டில் தனியாக இருந்தாள். துணைக்கு ஆர்க்கிட் செடிகள். வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்கும். உள்ளே சமையலறை ஜன்னல், குளியலறை, மாடிப்படி என்று பார்த்த இடமெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும். அப்படி இருந்த வீடு.

இப்போது அவன் போய்ப் பார்த்தபோது இலைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்திருந்தன. வேரைத் தொட்டால் நனைந்த சாக்குக் கயிறுபோல் தோல் உரிந்தது.

"பாத்தியா?" என்றாள் வெர்னா. "ஆலைல ஒரு ஊசி உடைச்சதில்ல இந்தக் கை. இப்ப தொட்டதெல்லாம் சாவுது."

"உரம் ஜாஸ்தியா இருந்திருக்கும்."

"உரத்த நிறுத்தியே ரொம்ப நாளாச்சு. நீ தூக்கு, தூக்கு. பாத்துக்கிட்டே நின்னா பொழச்சுக்குமா?"

அவன் தூக்கினான். ஒவ்வொரு தொட்டிக்கும் இடுப்பு ஒரு முறை கத்தியது. வலிக்கட்டும் என்று நினைத்தான்.

அந்த வட்டாரத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெண்டிக்குள் கல் கட்டிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு நிலவறையில் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி இருக்கும். அது மூட்டை மூட்டையாய் உப்பைத் தின்று, சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கொஞ்சம் உப்பை இறக்கிவிடும். துவைக்க, குளிக்க நல்லது. ஆர்க்கிட்டுக்கு அது மெல்லக் கொல்லும் விஷம். ஆகவே தொழில் தெரிந்தவன் சமையலறைப் பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கு மட்டும், சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்தே தனி லைன் இழுத்துக் கொடுப்பான்.

லேலண்ட் தொழில் தெரிந்தவன். போன வருடம் இலையுதிர் காலத்தில் அவள் வீட்டில் சாஃப்ட்னர் வைத்தவன் அவன்தான். "செடிக்கு உப்பு ஆகாதுடா, ஞாபகம் வச்சுக்க" என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் சமையலறை பிற்பாடு சேர்த்துக் கட்டியது. அதற்குக் கீழே நிலவறை கிடையாது. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் ஊர்ந்து போகிற இடைவெளிதான். தனி லைனை அந்தக் கோடிவரை இழுக்க வேண்டும். அன்றும் இடுப்பு வலித்தது. சாஃப்ட்னர் வழியாக வந்த குழாய் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. சமையலறைக் குழாயை அதிலேயே இணைத்துவிட்டான். வசந்தத்தில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னான்.

அன்று அவன் மேலே வந்ததும் அவள் சூப்பை ஊற்றி வைத்து, "எல்லாம் சரியா?" என்று கேட்டாள்.

"பச்சைத்தண்ணி உன் செடிக்குத்தான். சாஃப்ட்னர் பக்கமே போகாது. கண்ண மூடிக்கிட்டு ஊத்து."

காசு கொடுக்கிற வாடிக்கைக்காரன் வீடாக இருந்தால் ஊர்ந்து போயிருப்பான். இது சூப்புக்குச் செய்த வேலை. வசந்தம் வந்தது, போனது.

இப்போது கடைசித் தொட்டிகளைக் கதவருகே வைத்தபோது வெர்னா சொன்னாள்: "ஆர்க்கிட் சங்கத்துல அந்த ஒல்லிப்பிச்சான் எல்ராய் இருக்கானே, அவன் வந்து, 'தண்ணியச் சோதிச்சுப் பாக்கலாம், மீட்டர் கொண்டு வரேன்'னான். 'மீட்டர உன் மாமியாருக்கு வச்சுப் பாரு, என் தம்பி போட்ட லைன நான் சோதிக்க மாட்டேன்'னு அனுப்பிட்டேன்."

லேலண்ட் சிரிக்க முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை.

அப்போது ஓமாஹாவிலிருந்து அவள் மகள் மார்லிஸ் போனில் கூப்பிட்டாள். லேலண்ட் வந்திருப்பதைச் சொல்லிவிட்டு, வெர்னா ஈரக் கையோடு போனின் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"மாமா வந்திருக்காரா? நல்லதாப் போச்சு. மாமா, நீங்களும் அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்க. சனிக்கிழமை வரேன், அம்மாவுக்காகப் பாத்து வச்ச முதியோர் இல்லத்துல ஒரு அறை காலியாகுது. அம்மா சரின்னுட்டாங்க."

லேலண்ட் அக்காவைப் பார்த்தான். அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு என்னம்மா கொறச்சல்? என் பொறந்தநாள என் பொண்டாட்டியே மறந்துட்டா, அக்கா மறக்கல."

"அப்ப அவ்வளவு செடி ஏன் செத்துச்சு மாமா? காலம் பூரா வளத்தவங்க. ஊத்தினத மறந்துட்டு மறுபடி ஊத்தறாங்க, வேறென்ன? இன்னிக்கு செடி. நாளைக்கு அடுப்பு. சொல்லுங்க, ஏன் செத்துச்சு?"

பதில் அவன் நாக்கின் மேலேயே இருந்தது. இரண்டு பெண்களும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"இந்த வருஷம் குளிர் கொஞ்சம் ஜாஸ்திதானே" என்றான்.

"குளிர நான் புதுசாவா பாக்கறேன்?" என்றாள் வெர்னா. "விடுடா. எனக்காகப் பொய் சொல்லாத."

அவளுக்காக இல்லை.

அவள் மகளிடம் பேசி முடிக்குமுன் அவன் வண்டியிலிருந்து குழாயும் வெட்டும் கருவியும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். மேலிருந்து குரல் வந்தது: "இந்த இடுப்ப வச்சுக்கிட்டு அங்க என்னடா பண்ற?" அவன் வயிற்றை இழுத்து இழுத்து ஊர்ந்தான். சிலந்தி வலை வாயில் ஒட்டியது. மண் பனிக்கட்டியாய் இருந்தது. பழைய இணைப்பை அறுத்து அடைத்து, முன்பே இழுத்திருக்க வேண்டிய லைனைக் கோடிவரை இழுத்து மாட்டினான். பெரிய வேலையே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

மேலே வந்து குழாயைத் திறந்துவிட்டான்.

"என்ன கோளாறு?" என்று கேட்டாள்.

"ஒரு இணைப்பு... சரியில்ல."

"இனிமே யாருக்கு அது? வீட்ட வாங்கறவன் நல்லாருக்கட்டும்."

"ஒரு செடிய வச்சுக்கக்கா. இந்தத் தண்ணிய ஊத்து. வசந்தம் வரைக்கும் பாரு, அப்புறம் போறதப் பத்தி யோசி."

"எதுக்கு, அதையும் கொல்லவா? மார்லிஸ் சொல்றது சரிதான்டா. ராத்திரில நானே நெனச்சுப் பாக்கறேன், இன்னிக்கு ஊத்தினேனா, நேத்து ஊத்தினேனான்னு. தெரிய மாட்டேங்குது. பயமா இருக்கு."

அவள் தன்னையே சந்தேகிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்தவன் எதிரில் நின்றான். "அக்கா" என்று ஆரம்பித்தான். அவள் துணியை நனைத்து, அவன் தலையிலிருந்த சிலந்தி வலையையும் மண்ணையும் துடைக்கத் தொடங்கினாள். அம்மா வயலுக்குப் போன நாட்களில் துடைத்த அதே முரட்டுக் கை.

"கேக்காமலே வந்து செய்யறவன் நீ ஒருத்தன்தான்" என்றாள். "என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. வண்டி நிறைஞ்சுடுச்சு. போய்க் கொட்டிட்டு வரேன்."

வாசலில் இறங்கும்போது அவள் பின்னாலிருந்து, "பாத்துப் போ, ரோடு வழுக்குது" என்றாள். அவன் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டான். சனிக்கிழமைக்குள் அவளுக்கு அவன் கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்றுதான்: "உன் மறதி இல்லக்கா, செடியக் கொன்னது நான்." அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.