மார்பின் மேல் மடித்த கைகள்

படப்பிடிப்பு தொடங்கிய ஒன்பதாம் நாள் முடிவில் சைமி ரைஹாவின் குறிப்பேட்டில் நாற்பத்தொரு பிழைகள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருந்தாள். பிழை திருத்தப்பட்டதும் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். திருத்தப்படும்வரை இயக்குநரின் நாற்காலிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்பாள்.

முதல் பிழை, ஒரு சிப்பாய் கையுறையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கிக் குழலைத் தடவிக்கொடுத்தது.

"அன்னைக்குப் பூஜ்யத்துக்குக் கீழ முப்பத்தஞ்சு டிகிரி. வெறுங்கையால இரும்பைத் தொட்டா தோல் அதோட வந்துடும்," என்றாள். "உங்களுக்கு எப்படி வேணும்? தோலோடயா, தோல் இல்லாமலா?"

இயக்குநர் இல்போ சர்க்காலாவுக்கு முப்பத்தாறு வயது. முதலில் எரிச்சல்பட்டவன், ஒரு வாரத்துக்குள் அவளைக் கேட்காமல் ஒரு காட்சியையும் எடுக்காதவனாக மாறியிருந்தான்.

"சைமி அம்மா, உங்கள வச்சுக்கிட்டுப் படம் எடுக்கிறது அந்தப் போரையே மறுபடி நடத்துற மாதிரி இருக்கு."

"அந்தப் போர் நூத்தஞ்சு நாள்ல முடிஞ்சுது. நீங்க முடிப்பீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

குழுவினர் சிரித்தார்கள். சைமி சிரிக்கவில்லை.

அவளை இல்போ தேடிவந்ததற்குக் காரணம் உண்டு. 1939-40 பனிக்காலத்தில், ரஷ்யப் படை எல்லை தாண்டி வந்தபோது, சைமிக்குப் பத்தொன்பது வயது. பின்லாந்துப் படை தன் பிணங்களைப் போர்க்களத்தில் புதைப்பதில்லை. விழுந்தவன் ஒவ்வொருவனையும் அவனவன் ஊர்த் தேவாலயத்துக்கே அனுப்பிவைக்கும். அதற்காகப் போர்முனைக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகையில் பெண்கள் நின்றார்கள். உறைந்து வந்த உடல்களை இளக்கி, கழுவி, வெள்ளைச் சட்டை உடுத்திப் பெட்டியில் வைப்பது அவர்கள் வேலை. சைமி அங்கே ஏழு வாரம் இருந்தாள். பிறகு நாற்பது வருடம் குய்க்கலம்பி ஊரின் அஞ்சல் நிலையத்தில் இருந்தாள். ஓர் உடலையோ ஒரு கடிதத்தையோ அவள் முகவரி மாற்றி அனுப்பியதில்லை.

அதே ஊர்க்காரி எல்மா நூத்தினன். அறுபத்தெட்டு வயது. படக்குழுவுக்குப் பட்டாணி சூப்பும் கம்பு ரொட்டியும் காப்பியும் செய்துகொடுத்தாள். பரிமாறி முடித்ததும் வீட்டுக்குப் போகாமல், காப்பிக் கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நடிகர்களைப் பார்க்கிற ஆசை என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். சைமிக்குக் காரணம் தெரியும். எல்மாவின் தம்பி அர்வி அந்தக் கொட்டகை வழியாகத்தான் ஊருக்கு வந்தான்.

பத்தாம் நாள் அந்தக் கொட்டகைக் காட்சி.

பலகை மேசைமேல் இளம் நடிகன் ஒருவன் கண்மூடிக் கிடந்தான். தலை வாரியிருந்தது. கைகள் மார்பின் மேல் அழகாக மடிந்திருந்தன. சன்னல் வழியே மஞ்சள் வெளிச்சம் விழ, மரித்தா என்ற நடிகை ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்தாள். தாய் தூங்கும் குழந்தையைத் துடைப்பதுபோல் இருந்தது.

"சரியா இருக்கா, சைமி அம்மா?" என்றான் இல்போ.

சரியாக இல்லை. அதில் ஒன்றுகூடச் சரியில்லை. அன்று அந்தச் சிப்பாய்கள் விழுந்த கோலத்திலேயே உறைந்து வந்தார்கள். ஒருவன் தவழ்ந்துகொண்டிருந்தான், ஒருவன் உட்கார்ந்திருந்தான். அடுப்பு வைத்து இளக்க இரண்டு நாள் ஆகும். வெளியே பனியில் நாற்பது பேர் விறகுபோல் அடுக்கிக் கிடப்பார்கள். பெட்டிகளை ஏற்றிப் போகும் வண்டி இரண்டு நாள் நிற்காது. ஆகவே, பெட்டிக்குள் அடங்காத கைகால்களை அடக்க வேண்டியிருந்தது. அர்வி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கியபடி வந்தான். இடது மார்புக்குக் கீழே ஒரே ஒரு துளை. ஊர்ப் பையன், பள்ளியில் சைமிக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவன். ஒருத்தி உடலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, சைமி அந்தக் கைகளைக் கீழே இறக்கினாள். தோள்களிலும் முழங்கைகளிலும் அவை முறிந்தன.

அன்று மாலையே அவன் தாய்க்கு எழுதினாள்: அவர் தூங்குவதுபோல் இருக்கிறார், நானே தலை வாரி, கைகளை மார்பின் மேல் மடித்துவைத்தேன். பெட்டியின் மூடியில் 'திறக்கக் கூடாது' என்ற சீட்டையும் அவளே ஒட்டினாள்.

இப்போது விளக்குகளுக்குப் பின்னால், கெண்டியைப் பிடித்தபடி, எல்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கு," என்றாள் சைமி.

இல்போவுக்கே வியப்பாக இருந்தது. "ஒரு பிழைகூட இல்லையா?"

"அதான் சொல்லிட்டேனே."

காட்சி இரண்டே தடவையில் முடிந்தது. மரித்தா உண்மையாகவே அழுதாள். குழு கைதட்டியது.

சைமி அடுக்களைக்குப் போனபோது எல்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒரு காப்பி குடு."

"நீயே ஊத்திக்க. சர்க்கரையையும் நீயே போட்டுக்க. கசப்புமேல சர்க்கரை போடுறதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே."

"என்ன சொல்ற?"

எல்மா கோப்பையைக் கவிழ்த்துவைத்தாள். "நாங்க பெட்டியத் திறந்தோம், சைமி."

சைமியின் கை கெண்டியின் பிடியிலேயே நின்றது.

"அம்மா அவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னி வச்சிருந்தா. வெறுங்காலோட மண்ணுக்குள்ள போகக் கூடாதுன்னா. புதைக்கிறதுக்கு முந்தின நாள் தானியக் கொட்டகையில வச்சு, நானும் அப்பாவும் ஆணியப் பிடுங்கினோம். காலுறைய மாட்டினோம். அப்புறம் அம்மா அவன் கையப் பிடிச்சா. பிடிச்ச கை துணி மாதிரி அப்படியே தொங்குச்சு."

"அக்கா…"

"குறுக்க பேசாத. நாப்பத்திரண்டு வருஷம் உனக்கு வாய் இல்ல, இப்ப மட்டும் என்ன? அவனை ரஷ்யக்காரனுங்க உயிரோட பிடிச்சிருக்கானுங்க. ரெண்டு கையயும் ஒடிச்சிருக்கானுங்க. அப்புறந்தான் சுட்டிருக்கானுங்க. அது உனக்குத் தெரியும். நீதானே கழுவின! தெரிஞ்சும் தூங்குறான்னு எழுதின. போகட்டும், அம்மா மனசு தாங்காதுன்னு எழுதினன்னு விட்டேன். இன்னைக்கு அந்த டைரக்டர் பையன் நேருக்கு நேர் கேக்குறான். ஊர் உலகமே பாக்கப்போற படம். அதுலயாவது அவனுங்க செஞ்சதச் சொல்லுவன்னு பத்து நாளா கால்கடுக்க நிக்கிறேன். சரியா இருக்காம்! பொத்தானுக்குச் சண்ட போடுற, பூட்ஸுக்குச் சண்ட போடுற. என் தம்பிக்கு மட்டும் எல்லாம் சரியா இருக்கு."

சைமிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மாவும் அப்படித்தான் நெனச்சாங்களா?"

"வேற எப்படி நெனப்பா? பத்தொம்பது வருஷம். சாகுற வரைக்கும். ராத்திரி ஏரியில பனிக்கட்டி வெடிக்கும்ல, எழுந்து உக்காந்துக்குவா. 'இப்பத்தான் ரெண்டாவது கைய ஒடிக்கிறானுங்க'ம்பா."

தன் பொய் ஒரு போர்வை என்றே சைமி இத்தனை காலம் எண்ணியிருந்தாள். பெட்டியைத் திறந்தவர்களின் கையில் அது என்னவாக மாறும் என்று ஒரு நாளும் எண்ணிப்பார்த்ததில்லை. தூங்குவதுபோல் என்று அவள் எழுதாமல் இருந்திருந்தால், அவர்கள் வந்து கேட்டிருப்பார்கள். எழுதியதால் கேட்கவில்லை, அவள் மறைக்கிறாள் என்று மட்டும் அறிந்துகொண்டார்கள்.

"அவனை யாரும் பிடிக்கல, அக்கா," என்றாள். "ஒரே குண்டு. இடது பக்கம், விலாவுக்குள்ள. விழுறதுக்கு முந்தியே உயிர் போயிருக்கும். கை ரெண்டும் மேல தூக்கின மாதிரி உறைஞ்சு வந்தான். பெட்டி மூடல. வண்டி கிளம்பிடும்னாங்க."

"அதனால?"

"நான்தான் ஒடிச்சேன்."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எல்மா அதை மூடினாள். ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"கத்தலையா அவன்?"

"செத்து ரெண்டு நாள் ஆயிருந்துச்சு, அக்கா."

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா…" எல்மாவின் குரல் உயரவில்லை. "ஒடிச்சேன்னு ஒரு வார்த்த. எங்கம்மா உன்னத் திட்டியிருப்பா. உன் முடியப் பிடிச்சு இழுத்திருப்பா. அப்புறம் தூங்கியிருப்பா."

சைமி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"வேண்டாம்," என்றாள் எல்மா. "அது என்கிட்ட இல்ல. வச்சிருந்தவ போய்ச் சேந்துட்டா."

சைமி கொட்டகைக்குத் திரும்பினாள். ஆட்கள் விளக்குகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். குறிப்பேட்டைத் திறந்து நாற்பத்திரண்டு என்று எண் இட்டு, கொட்டகையில் நடந்ததை எழுதி, இல்போவின்முன் நீட்டினாள். அவன் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"சரியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். திரும்ப எடுங்க."

இல்போ அவளைத் தனியே அழைத்துப் போனான். "சைமி அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் படத்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் யாரையாவது புதைச்சவங்க. எங்க பெரியப்பாவும் அப்படிப் பெட்டியில வந்தவர்தான். இதக் காட்டினா எழுந்து போயிடுவாங்க. பூட்ஸ் தப்பா இருந்தா படம் கெட்டுப்போகும், ஒத்துக்கிறேன். இது சரியா இருந்தாத்தான் கெட்டுப்போகும்."

"புதைச்சவங்களுக்குத்தான் இது தெரியணும்," என்றாள் எல்மா. அவள் பின்னாலேயே வந்திருந்தாள். "தம்பி, எங்க மாதிரி எத்தன வீட்டுல ஆணியப் பிடுங்கிப் பாத்தாங்களோ! பாத்துட்டு என்னென்ன நெனச்சுக்கிட்டுச் செத்தாங்களோ! உங்க வீட்டுல திறந்தாங்களா?"

இல்போ ஆட்கள் பக்கம் திரும்பி, விளக்குகளைக் கழற்ற வேண்டாம் என்று கை காட்டினான்.

தன்னால் முடியாது என்று மரித்தா சொல்லிவிட்டாள். பிணத்துக்கு மாற்றாகச் செய்துவைத்திருந்த பொம்மை ஒன்றை மேசையில் கிடத்தி, அதன் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக் கட்டையால் முட்டுக்கொடுத்தார்கள். முறிகிற சத்தத்துக்காகச் சட்டைக் கைகளுக்குள் காய்ந்த பைன் கிளைகளைச் செருகினார்கள். மரித்தாவின் இடத்தில் சைமி நின்றாள்; கேமரா அவள் கைகளை மட்டும் பார்த்தது. அவள் உள்ளங்கையைத் தோளுக்கு அடியில் கொடுத்தாள். எங்கே அழுத்த வேண்டும் என்பது அந்தக் கைகளுக்கு மறந்திருக்கவில்லை.

கிளை முறிந்தது.

எல்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போனாள். இல்போ எழுந்துவிட்டான்.

"போதும், சைமி அம்மா. இத வச்சே ஒப்பேத்திக்கலாம்."

"உக்காருங்க," என்றாள் சைமி, கையை எடுக்காமல். "இன்னொரு கை இருக்கு."