மைக்குக்குக் கீழ வெடிச்ச சரவெடி

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலி, தூக்கமெல்லாம் எப்படி இருக்கு? எங்க ஸ்பெயின் நாட்டு வலென்சியா பக்கம் நடந்த ஒண்ணைச் சொல்றேன், கேளுங்க.

எலாதியோட வீட்டுக்குப் பின்னால, ஆரஞ்சுத் தோப்பு ஓரமா அதிவேக ரயில் போகுது. அவன் பொண்டாட்டி எர்மினியாவுக்குத் தலையில ஆபரேஷன் ஆனதுலேர்ந்து, ரயில் அலறிக்கிட்டுப் போறப்பல்லாம் வலிப்பு வந்துடும். ரயில் நேரமெல்லாம் எலாதிக்கு மனப்பாடம். ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஓடிப்போய் அவ தலையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்குவான்.

மூணு வருஷம் மனு போட்டு, கடைசியா சத்தம் அளக்குற ஆள் வந்து மாடியில மைக்கைக் கட்டிட்டுப் போனான். ஒரு நாள் முழுக்க அளந்து சராசரி எடுப்பாங்களாம். அளவு தாண்டினா தடுப்புச் சுவர் வரும்.

பக்கத்து வீட்டு பதிஸ்தே எலாதிக்குச் சின்ன வயசுலேர்ந்து கூட்டாளி. இங்க கல்யாணம், சாமி ஊர்வலம் எதுன்னாலும் சரவெடிதான். எலாதி எர்மினியாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்த நேரம் பார்த்து, அளவு கொஞ்சம் ஏறட்டும்னு, மைக்குக்கு நேர் கீழ இருபது மீட்டர் சரத்தைக் கொளுத்திட்டான்.

மறுநாள் மத்தியானம் அளக்குற ஆள் பதிவைக் கேட்டுச் சிரிச்சான். "ரயிலை அளக்கக் கூப்பிட்டீங்களா, கல்யாணத்தையா? இது செல்லாதுங்க. மறுபடி உங்க முறை வர ரெண்டு வருஷம் ஆகும்"னுட்டுப் பொட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான்.

பதிஸ்தே வேலிப் பக்கம் வந்து பல்லைக் காட்டினான். "என்ன மாப்ள, மிஷினே ஆடிப்போயிருக்குமே?"

எலாதி கையிலிருந்த மண்வெட்டிக் காம்பால அவன் வாயிலயே போட்டான். ரெண்டு பல்லு தெறிச்சுது. விழுந்தவன் கையை மிதிச்சான், விரல் நொறுங்குச்சு.

"அவளுக்காகத்தானேடா பண்ணேன்"னு பதிஸ்தே ரத்தத்தோட குழறினான். எலாதி அவன் மேல ஏறி உக்காந்து கழுத்தை நெரிச்சான்.

அப்பத்தான் மூணு நாப்பது ரயில் போச்சு. சத்தம் அடங்கினதும்தான் எலாதிக்கு உறைச்சுது, தன் ரெண்டு கையும் எங்க இருக்குன்னு.

ஓடினான். சமையக்கட்டுல எர்மினியா கிடந்தா, கல்லுமேடை விளிம்புல இடிச்சு நெத்தி பிளந்து. பின்னாடியே தள்ளாடி வந்த பதிஸ்தே, முறியாத கையால துண்டை வச்சு அமுக்கினான். "வண்டிச் சாவி என் பாக்கெட்ல இருக்கு, எடுடா"ன்னான்.

பொழைச்சுட்டா. ஒரு கண்ணு போச்சு. போலீஸ்ல பதிஸ்தே, மாடியிலேர்ந்து விழுந்தேன்னு சொல்லிட்டான். சுவர் மட்டும் இன்னும் வரல.

உங்க வீட்டுப் பக்கமும் இப்படி ரயில் சத்தம் இருக்கா? யார்கிட்ட போய் நின்னீங்க, என்ன ஆச்சு? எனக்கு எழுதுங்க.