மருதாள் உருட்டிய மருந்து

பிரசவத்தில் போட்ட தையல் இவ்வளவு சீக்கிரம் வலிக்காமல் போனதுதான் கீதாஞ்சலியை முதலில் உறுத்தியது.

அவள் தாயில்லாதவள். ஆஸ்பத்திரியிலிருந்து மங்கலம் ஊரிலிருந்த வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கொள்ள முன்வந்தவள், கணவனின் அண்ணன் பெண்டாட்டி மருதாள். பாகம் பிரித்தபோது வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியவள். அப்புறம் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குப் பிள்ளையும் இல்லை. அப்படிப்பட்டவள் காலையில் பனியன் கம்பெனிக்குப் போகுமுன், காயம் கழுவ வேப்பிலையும் மஞ்சளும் கொதித்த தண்ணீரை ஆற்றி வைத்தாள். கருப்பட்டியில் குழைத்த பிரசவ மருந்தை நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுத்து, விழுங்கும்வரை நகராமல் நின்றாள்.

மருந்து இறங்கினால் வலி போய்விடும். கூடவே கண் சொருகும். குழந்தையோ பசிக்குக்கூட அழாமல் தூங்கியது. பாதத்தைச் சுண்டினால் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கியது. கணவன் செல்வக்குமாரிடம் சொன்னபோது, பச்சைக்குழந்தை தூங்காமல் வேறென்ன செய்யும் என்று கேட்டுவிட்டுத் தறிக்குடோனுக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் உருண்டையைக் கன்னத்தில் அடக்கி, மருதாள் போனதும் துப்பினாள். மதியத்துக்குள் தையல் விண்விண்ணென்று தெறித்தது. சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகை அவளுக்கு நிம்மதியாகவும் பயமாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலை மருந்தோடு வந்தவளிடம் நேராகவே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, இதை நீங்க தின்னு காட்டுங்க."

மருதாளின் முகம் கறுத்தது. உருண்டையை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கம்பெனி வேனுக்கு நடந்தாள்.

மதியத்துக்கு முன்பே கூட வேலை செய்பவள் ஒருத்தி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். செக்கிங் டேபிளில் துணியைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தாளாம்.

"நா அரைக்கல கண்ணு," என்றாள் மருதாள், நாக்குக் குழற. "ஷிப்ட்டுல நேரமில்லீன்னு சந்தையில பொடியா வாங்குனேன். இதையா உனக்கும், உம்பால் குடிக்கிற கொழந்தைக்கும் குடுத்தேன்?"

தகவல் தெரிந்து குடோனிலிருந்து ஓடிவந்த செல்வக்குமார் பொடியையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அரைத்துக் கலந்திருப்பார்கள், பால் வழியாகக் குழந்தைக்கும் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. குழந்தையை அங்கேயே வைத்திருந்து பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். மருதாள் சந்தைக்குப் போய்த் தேடினாள். பொடி விற்றவன் இருந்த இடத்தில் ஒருத்தி சீப்பும் ரிப்பனும் விற்றுக்கொண்டிருந்தாள்.

விடுமுறை நாளன்று மருதாள் அம்மியைக் கழுவினாள். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு கடையில் வாங்கிய சுக்கும் மிளகும் ஓமமும் முறத்தில் இருந்தன. கீதாஞ்சலி குழந்தையோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். மருதாள் ஒவ்வொன்றையும் அவள் கண்முன் தூக்கிக் காட்டிவிட்டே அம்மியில் வைத்தாள்.

"நல்லாப் பாத்துக்க கண்ணு."

அதெல்லாம் வேண்டாமுங்க என்று சொல்லக் கீதாஞ்சலிக்கு வாய் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.