ரோடு காணாமல் போன பந்தயம்

பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன பிறகு, அக்காவின் கணவரான மாமா வண்டியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். பாதி வாழ்நாள் பஸ் ஓட்டியவர். இப்போது ஜன்னலுக்கு வெளியே ஹாரன் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா அதைக் கவனிக்காததுபோல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் துடுக்கான பெண். பந்தை அமுக்குங்க, களிமண்ணைப் பிசைங்க என்று அவள் சொன்னதையெல்லாம் மாமா வேண்டாவெறுப்பாகச் செய்தார். அந்த அறையில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும் கார் பந்தய விளையாட்டும் இருந்தன. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் ஒரு குச்சியைத் தள்ளித் தள்ளிக் காரைத் திருப்ப வேண்டும். விரலுக்கு அதுதான் நல்ல பயிற்சி. ஆனால் மாமாவின் முறை வருவதற்குள் பெட்டி மண்டையைப் போட்டுவிட்டது.

அக்கா வீட்டில் தங்கியிருந்த தங்கைக்கு, எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவளுக்கு, அதைக் கேட்டதும் கை பரபரத்தது. கம்ப்யூட்டரை அந்தப் பழைய பெட்டியைப் போலவே நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்றை, முகம் பார்த்திராத சிலர் சேர்ந்து இலவசமாக எழுதிவந்தார்கள். அதில் திரையில் படம் வரைகிற பகுதி, ப்ளக்இன் என்கிற தனித் துண்டு. அதைப் பராமரிப்பது சின்னவள்தான். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதற்கே போவதில் அக்காவுக்கு ஏகப்பட்ட குறை. முதல்முறையாக அது வீட்டுக்கு உபயோகப்படப் போகிறது.

ஆஸ்பத்திரியின் லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்தாள். மாமா உட்கார்ந்தார். வானம் வந்தது, மலை வந்தது, மரமும் மற்ற கார்களும் வந்தன. ரோடு மட்டும் வரவில்லை. ரோடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல். நடுவே சாம்பல் நிறக் கீற்றுகள் மின்னி மின்னி மறைந்தன.

"ஏன் வாலு, ரோடே போடாம வண்டிய எடுக்கச் சொல்றியே, புல்லுலயா ஓட்டுறது?" என்றார் மாமா.

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவளுக்கு மானம் போயிற்று. வீட்டில் அவளுடைய கம்ப்யூட்டரில் அதே விளையாட்டில் ரோடு பளிச்சென்று இருந்தது. கண்ணெதிரே நடக்காத தவறைத் திருத்த முடியாது. எனவே மாமா பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு கூடவே போய், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

ரோட்டின் படம் கெட்டுப்போயிருக்குமோ என்று பார்த்தாள்; இல்லை. அடையாளம் தெரியட்டும் என்று ரோடு முழுவதற்கும் செக்கச் செவேலென்று சிவப்பு அடித்தாள். சிவப்புக் கீற்றுகள் மின்னின, அவ்வளவுதான். கார் ஓடிக்கொண்டே இருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் மாமாவின் கார் சுவரில் போய் முட்டி நின்றது. கட்டைவிரல் மறுபக்கம் திரும்ப மறுத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விரலோடு போராட, திரை அசையாமல் நின்றது. சின்னவள் குனிந்து பார்த்தாள். சிவப்பும் பச்சையும் ரம்பப் பல்லைப் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நின்றன. ரோடு காணாமல் போகவில்லை, புல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

விளையாட்டைச் செய்தவர்கள் ரோட்டைப் புல்லின் மேல் ஒரே மட்டத்தில் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எது கண்ணுக்குப் பக்கம் என்று பார்த்துத்தான் கம்ப்யூட்டர் வரையும். இரண்டும் ஒரே தூரம் என்றால் கணக்கின் கடைசி இலக்கத்தில் வரும் மயிரிழை வித்தியாசம்தான் தீர்ப்பு. வீட்டில் அது ரோட்டுக்குச் சாதகமாக விழுந்தது, இங்கே புல்லுக்கு.

கணக்கில் ரோட்டைக் கண்ணுக்குச் சற்று அருகே இழுத்துவைத்தாள். ரோடு வந்துவிட்டது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். முதல் வளைவு தாண்டியதும், "மலையப் பொத்துக்கிட்டு அந்தப் பக்கத்து ரோடு தெரியுதே, அது பரவாயில்லயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பரவாயில்லை என்று நினைத்துத்தான் அந்தத் திருத்தத்தைக் குழுவின் தலைவருக்கு அனுப்பினாள். எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடும் அவர் உடனே திருப்பி அனுப்பிவிட்டார். இது விரிசல் மேல் பூசுகிற வேலை, வேறு விளையாட்டுகளில் இதே போலத் தரையில் விரித்திருக்கும் ஆட்களின் நிழல் சுவரைத் தாண்டித் தெரிகிறது, சேர்க்க முடியாது என்று எழுதியிருந்தார்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அடுப்படியில் அக்காவிடம், ஊருக்கு உழைத்தது போதும், ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளட்டும் என்றாள். அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"நேத்து சாப்பிடும்போது அந்த ரெண்டாவது வளைவு எப்படி எடுக்கணும்னு என்கிட்ட சொல்லிட்டே இருந்தாருடி. தட்டுல சாப்பாடு ஆறிப்போச்சு. கை விழுந்ததுல இருந்து வீட்டுல வண்டின்னு வாயத் திறந்தது அப்பதான். பாதியில விட்டுடாத."

சின்னவள் போய்த் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

இந்த முறை திருத்தப் போகவில்லை, படிக்கப் போனாள். பழைய பெட்டியில் இதே ரோடு தகராறில்லாமல் வந்ததே, எப்படி? அந்தப் பெட்டியின் சிப் பற்றிய குறிப்புகளைப் பொறுமையாகப் புரட்டினாள். விளையாட்டு, ரோட்டை அனுப்பும்போதே கூட ஒரு குறியையும் அனுப்பியது: இதைக் கீழே இருப்பதன் மேல் ஒட்டு என்று. ப்ளக்இன் அந்தக் குறியை ஏறிட்டும் பார்க்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

குறி உள்ளவற்றுக்கு மட்டும் புது விதி எழுதினாள். கீழே இருக்கும் பரப்போடு ஒட்டி இருந்தால் வரை. முன்னால் வேறு ஏதாவது மறைத்தால் விட்டுவிடு. மேஸ்திரி சொன்ன விளையாட்டுகளையும் ஓட்டிப் பார்த்தாள். நிழல்கள் ஒழுங்காகத் தரையில் கிடந்தன. ஒரு வரிகூட எழுதாமல் மேஸ்திரி அதைச் சேர்த்துக்கொண்டார். அவர் அகராதியில் அதற்குப் பேர்தான் பாராட்டு.

அடுத்த பயிற்சி நாளில் ரோடு ரோடாக இருந்தது, மலை மலையாக மறைத்தது. மாமா வியர்த்து வழிய ஒரு சுற்று முழுவதும் ஓட்டி, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். பிசியோதெரபிஸ்ட் திரையைப் பார்க்கவே இல்லை. அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் கடைசி வரைக்கும் போச்சு சார். நான் பிடிச்சுவிடல, நீங்களா கொண்டுபோனீங்க" என்றாள்.

பழையபடி பஸ் ஓட்டலாமா என்று அக்கா டாக்டரிடம் கேட்டாள். அவர் வாக்குக் கொடுக்கவில்லை. சட்டை பட்டன் போடட்டும், பிறகு பார்ப்போம் என்றார். மாமா அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. பின்னால் தன் முறைக்காக ஒரு தையல்காரம்மா காத்திருந்தார். மாமா கன்ட்ரோலரை விடாமல் அடுத்த பந்தயத்தைத் திறந்துவிட்டிருந்தார்.

"வாலு, இங்க வா. இதுல மழை பெய்யுது. மழையில என் கார் மட்டும் கன்னங்கரேல்னு இருக்கு பாரு. மத்தவன் காரெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காரை அப்படியே நிறுத்தச் சொன்னாள். மாமா சரியாக ஓரம் கட்டி நிறுத்தினார்.